இலை சம்பாதிக்கும், வேர் சேர்த்து வைக்கும்

மூன்று மாதம் தண்ணீர் ஊற்றி வளர்த்த கேரட் பையை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மொட்டைமாடியில் பழைய தார்ப்பாய் விரித்துக் கவிழ்த்தேன். மேலே இலை பச்சைப்பசேல் என்று புதராக நின்றிருந்தது. கீழேயிருந்து வந்ததோ இரண்டு கால், மூன்று கால் முளைத்த, சுண்டுவிரல் தடிமன்கூட இல்லாத ஏதோ ஒன்று. சில ஒன்றையொன்று பின்னிக்கொண்டு கிடந்தன. பக்கத்தில் நின்ற மாமியார் ஒன்றை எடுத்து, முந்தானையில் மண்ணைத் துடைத்துப் பார்த்துவிட்டு, "இது கேரட்டா, இல்ல நாட்டு மருந்துக் கடையில விக்கிற வேராம்மா?" என்றார்.

அந்தப் பையில் நான் செய்யாத தப்பு இல்லை. விதையைக் குழித்தட்டில் போட்டு, நாற்று வளர்த்து, பிடுங்கி நட்டேன். பக்கத்து மனையில் வீடு கட்டும்போது மிஞ்சிய சரளை கலந்த செம்மண்ணை அப்படியே அள்ளி நிரப்பினேன். செடி செழிக்கட்டும் என்று வாரம் ஒருமுறை, மீன் கழிவையும் வெல்லத்தையும் ஊறவைத்து எடுக்கும் மீன் அமிலம் வேறு. தக்காளிக்கும் கத்தரிக்கும் சரியாகவே வந்த முறைகள்தான் இவை. கேரட்டுக்கு மட்டும் ஒன்றுவிடாமல் தப்பாகப் போயின. மண்ணுக்குக் கீழே விளைகிற காய்க்குக் கணக்கே வேறு. அந்தக் கணக்கு பிடிபட்டுவிட்டால், ஒவ்வொரு காய்க்கும் தனித்தனியாக யூடியூப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

கணக்கு இதுதான். கிழங்கு என்பது செடியின் உண்டியல். இலை வெயிலில் நின்று சர்க்கரை தயாரிக்கிறது. அன்றாடச் செலவு போக மிஞ்சுவதை வேருக்கு அனுப்புகிறது. கேரட்டும் பீட்ரூட்டும் இயல்பில் ஈராண்டுப் பயிர்கள். முதல் பருவத்தில் வேரில் சேர்த்து வைத்து, அடுத்த பருவத்தில் அந்தச் சேமிப்பைச் செலவழித்துப் பூத்து விதை கட்டும். செடி தன் அடுத்த வருஷத்துக்காகச் சேர்த்ததை நாம் இடையில் புகுந்து எடுத்துக்கொள்கிறோம், அவ்வளவுதான்.

இதிலிருந்து மூன்று விஷயங்கள் தானாக வந்துவிடும். இலைக்கு வெயில் கிடைக்காவிட்டால் சம்பாத்தியம் இல்லை, ஆகவே கிழங்கும் இல்லை. நிழலில் வைத்த தொட்டியில் கீரை வரும், முள்ளங்கி வராது. குறைந்தது ஐந்தாறு மணி நேரம் நேர் வெயில் வேண்டும். அடுத்தது, வேர் பெருக்க இடம் வேண்டும். வழியில் ஒரு கல் கிடந்தால் அது இரண்டாகப் பிரிந்துதான் போகும். மூன்றாவதைத்தான் பெரும்பாலானவர்கள் தவறவிடுகிறார்கள். தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனை, அள்ளிக் கொடுத்தால் செடி சேர்த்து வைக்காது. இலைமேல் இலையாகச் செலவழித்துக்கொண்டே இருக்கும். மீன் அமிலத்தில் இருப்பது அந்தத் தழைச்சத்துதான். என் கேரட் புதராக நின்றது அதனால்தான்.

கிழங்கு எல்லாம் வேர் இல்லை

தமிழில் 'கிழங்கு' என்ற ஒரே சொல்லில் எல்லாவற்றையும் அடக்கிவிடுகிறோம். சந்தையில் அது போதும், தொட்டியில் போதாது. முள்ளங்கி, கேரட், பீட்ரூட் மூன்றும் ஆணிவேர் பருத்து வந்தவை. சர்க்கரைவள்ளியும் மரவள்ளியும் வேர்தான், ஆனால் ஆணிவேர் இல்லை. தண்டை நட்ட பிறகு அதிலிருந்து கிளம்பும் வேர்களில் சில பருத்துக் கிழங்காகின்றன. உருளை, சேனை, சேப்பங்கிழங்கு, இஞ்சி, மஞ்சள் இவையெல்லாம் மண்ணுக்குள் ஒளிந்திருக்கும் தண்டுகள். உருளைக்கிழங்கில் நாம் 'கண்' என்று சொல்வது தண்டின் மொட்டு.

நூக்கல் இந்தக் கூட்டத்திலேயே சேராது. அது மண்ணுக்கு மேலே பருக்கும் தண்டு. கடையில் கிழங்குகளோடு கிடப்பதால் நாமும் சேர்த்துக்கொள்கிறோம்.

இந்தப் பிரிவினை எதற்கு என்றால், எதை நடுவது என்பது இதில்தான் தெரியும். தண்டுக் கிழங்கில் ஒரு துண்டு முளையோடு இருந்தால் போதும், மண்ணில் வைத்தால் புதுக் கிழங்கு வரும். சர்க்கரைவள்ளிக்குக் கொடித் துண்டு, மரவள்ளிக்குக் குச்சி. ஆணிவேர்க் காய்களுக்கு விதையைத் தவிர வேறு வழியே கிடையாது. கேரட் தலையை வெட்டித் தண்ணீரில் வைத்தால் கேரட் வரும் என்று காட்டும் வீடியோக்கள் சுற்றுகின்றன. இலை வரும், பொறுமையாக விட்டால் பூக்கூட வரும். வெட்டியெடுத்த வேர் திரும்ப வளராது. ஜன்னலோரம் அழகாக இருக்கும் என்றால் செய்யுங்கள், பொரியலுக்கு ஆகாது.

நாற்று விட்டு நடக் கூடாது என்பதும் இதே காரணத்தால்தான். விதை முளைத்த சில நாளிலேயே ஆணிவேர் நேராகக் கீழே இறங்கிவிடுகிறது. பிடுங்கும்போது அதன் நுனி ஒடிந்தால், ஒடிந்த இடத்திலிருந்து கிளை பிரியும். என் மூன்று கால் கேரட்டுக்கு அதுவும் ஒரு காரணம். பீட்ரூட் மட்டும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். உருண்டைக் காய் என்பதால் நுனி போனாலும் பெரிதாகத் தெரியாது.

பையும் மண்ணும்

ஆழம்தான் முதல் கேள்வி. நீளமான வெள்ளை முள்ளங்கிக்கும் கேரட்டுக்கும் 12 அங்குலம் மண் வேண்டும். பீட்ரூட் பாதி உடம்பை வெளியே வைத்துக்கொண்டுதான் பருக்கும், அதற்கு எட்டு ஒன்பது அங்குலம் போதும். சர்க்கரைவள்ளிக்கு ஆழத்தைவிட அகலம் முக்கியம். நான் பெரும்பாலும் 15 அங்குல அகலமும் 12 அங்குல உயரமும் உள்ள குரோ பேக்குகளையே வைத்திருக்கிறேன். 20 லிட்டர் பெயின்ட் வாளியும் நன்றாகவே உழைக்கும், அடியில் ஐந்தாறு துளை போட்டால் சரி. அரிசி வந்த பிளாஸ்டிக் சாக்கில் வளர்க்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். முள்ளங்கி வளரும். ஆனால் நம் ஊர் வெயிலில் ஒரு வருஷத்துக்குள் சாக்கு பொடிப்பொடியாக உதிர ஆரம்பித்துவிடும். அந்த நூலையும் தூளையும் மண்ணிலிருந்து பொறுக்குவது பெரிய தலைவலி.

எடையையும் ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். மேலே சொன்ன அளவுப் பையில் ஏறக்குறைய 34 லிட்டர் பிடிக்கும். வெறும் செம்மண்ணை நிரப்பித் தண்ணீர் ஊற்றினால் ஒரு பை 50 கிலோவைத் தாண்டிவிடும். இருபது பை வைத்தால் மாடிமேல் ஒரு டன். அதனால்தான் மாடித் தோட்டத்துக்குத் தென்னைநார்க் கழிவு, அதாவது கோகோபீட், கட்டாயமாகிறது. வேர்க் காய்களுக்கு அதில் இன்னொரு லாபமும் உண்டு. செம்மண் நாலு நாள் தண்ணீர் ஊற்றி நாலு நாள் காய்ந்தால் செங்கல் மாதிரி இறுகும். கோகோபீட் கலந்தது இறுகாது.

நான் கலக்கும் விகிதம் இரண்டு பங்கு கோகோபீட், ஒரு பங்கு செம்மண், ஒரு பங்கு மண்புழு உரம். அதோடு இரண்டு கை மணலும் ஒரு கை வேப்பம் பிண்ணாக்கும். கோகோபீட் கட்டியை ஊறவைத்து, ஒரு தடவையாவது தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டுப் பயன்படுத்துங்கள், அதில் உப்பு இருக்கும். செம்மண்ணைக் கட்டாயம் சலியுங்கள். கொத்தனார்கள் மணல் சலிக்கும் சல்லடை இருந்தால் அதுவே போதும். எரு போடுவதானால் நன்றாக மக்கியதாக, மண் வாசனை மட்டும் அடிப்பதாக இருக்க வேண்டும். புதுச் சாணமோ அரைகுறையாக மக்கியதோ கலந்தால் வேர் கிளை பிரியும், பக்க வேர்கள் முடிமுடியாக மண்டும்.

பையை நிரப்பியதும் ஒரு சோதனை. விரல்களைக் குவித்து மண்ணுக்குள் விடுங்கள். மணிக்கட்டு வரை சிரமமில்லாமல் இறங்கினால் சரி. உங்கள் கை இறங்காத இடத்தில் கேரட் இறங்காது. விளிம்பு வரைக்கும் நிரப்பிக்கொள்ளுங்கள், இரண்டு மூன்று வாரத்தில் மண் தானாக இரண்டு அங்குலம் அமுங்கிவிடும். பைகளைத் தரையில் நேரடியாக வைக்காமல் செங்கல்மேல் வைத்தால் தண்ணீர் வடியும், தளமும் காயும்.

முள்ளங்கியில் தொடங்குங்கள்

முதல் முறை வளர்ப்பவர் கேரட்டில் கை வைக்கக் கூடாது என்பது என் கட்சி. முள்ளங்கிதான் சரியான பள்ளிக்கூடம். விதைத்த மூன்றாம் நான்காம் நாளே முளைக்கும், 40 முதல் 45 நாளில் சாம்பாருக்கு வந்துவிடும். தப்பு செய்தாலும் ஒன்றரை மாதம்தான் நஷ்டம். சமவெளி வெயிலுக்கு 'பூசா சேத்கி' ரகம் தாங்கும்.

விதையை அரை அங்குல ஆழத்தில், நான்கு அங்குல இடைவெளியில், குழிக்கு இரண்டாகப் போடுங்கள். 15 அங்குலப் பையில் எட்டுக் குழிக்குமேல் வேண்டாம். பத்து பன்னிரண்டு நாளில் நான்கைந்து இலை விட்டிருக்கும். அப்போதுதான் மனசைக் கல்லாக்கிக்கொள்ள வேண்டிய வேலை வருகிறது. குழிக்கு ஒன்றை விட்டுவிட்டு மற்றதை எடுத்துவிட வேண்டும். வயலில் இதைப் பயிர் கலைப்பது என்பார்கள். புதிதாக வளர்ப்பவர்களில் பாதிப் பேர் இதைச் செய்யவே மாட்டார்கள். முளைத்த குழந்தையைப் பிடுங்குவதா என்று தோன்றும். இரண்டையும் விட்டால் இரண்டும் சாட்டைவால் மாதிரி ஒல்லியாகத்தான் வரும். பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேர் அசையும், ஆகவே கத்தரிக்கோலால் மண்மட்டத்தில் வெட்டிவிடுங்கள். வெட்டிய இளங்கீரையைப் பாசிப்பருப்போடு வேகவைத்துக் கூட்டு செய்யலாம். என் மாமியாருக்கு முள்ளங்கியைவிட அதுதான் இஷ்டம்.

முப்பதாம் நாளுக்குமேல் மண்ணை முட்டிக்கொண்டு வெள்ளைத் தோள் மேலே எழும்பும். சிலது இரண்டு அங்குலம்கூட வெளியே நிற்கும். அது இயல்புதான், பயந்து மண்ணை அணைக்க வேண்டியதில்லை. நாற்பதாம் நாள் ஒன்றைப் பிடுங்கிக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். 'சடக்' என்று ஒடிந்து, நடுவில் நீர் கோத்து நிற்க வேண்டும். இன்னும் பெருக்கட்டும் என்று விட்டுவைப்பதுதான் இதில் பேராசை. ஐம்பத்தைந்தாம் நாள் அதே முள்ளங்கி உள்ளே பஞ்சுபோல வெளுத்து, நடுவில் ஓட்டை விழுந்திருக்கும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, தூக்கிப் பார்த்தால் எடை இருக்காது.

வெயில் ஏறும் பங்குனி, சித்திரையில் விதைத்தால் வேர் பருக்கும் முன்பே நடுவிலிருந்து தண்டு கிளம்பிப் பூத்துவிடும். பூத்த பிறகு வேருக்கு எதுவும் வராது, உண்டியலை உடைத்தாயிற்று. அந்தச் செடியை உடனே பிடுங்க வேண்டாம். பூவுக்குப் பின்னால் வரும் பிஞ்சுக் காயையும் சமைக்கலாம், முள்ளங்கிக் காரத்தோடு மொறுமொறுப்பாக இருக்கும்.

பிறகு பீட்ரூட், அப்புறம் கேரட்

பீட்ரூட் விதையைக் கையில் எடுத்துப் பார்த்தால் கரடுமுரடாக, மிளகைக் காயவைத்து நசுக்கினது மாதிரி இருக்கும். அது ஒரு விதையல்ல, விதைக் கொத்து. ஒன்றைப் போட்டால் இரண்டு மூன்று முளைக்கும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று நினைக்காமல், ஒன்றை மட்டும் விட்டு மற்றதை வெட்டிவிடுங்கள். விதைப்பதற்கு முன் ஒரு ராத்திரி ஊறவைத்தால் முளைப்பு சீராக இருக்கும். பைக்கு ஐந்தாறு செடி, 60 முதல் 75 நாள். வெயில் காலத்தில் விளைந்த பீட்ரூட்டை வெட்டினால் உள்ளே வெள்ளை வளையங்கள் தெரியும். நோய் இல்லை, சூட்டினால் வருவது. ருசி கொஞ்சம் குறையும்.

கேரட்டுக்கு ஊட்டியும் கொடைக்கானலும் ஏன் பேர்போன இடங்கள் என்றால், 15 முதல் 20 டிகிரி வரையான குளிர்ச்சியில்தான் அதன் நிறமும் வடிவமும் சரியாக வருகின்றன. சென்னையிலோ மதுரையிலோ அந்தச் சுகம் கிடைக்காது. கிடைப்பதெல்லாம் கார்த்திகை முதல் மாசி வரையான நான்கு மாதம். அடைமழை ஓய்ந்து, கார்த்திகைப் பனி தொடங்கும்போது விதைத்தால் தொண்ணூறு நூறு நாளில் மாசிக்குள் எடுத்துவிடலாம். சூட்டைத் தாங்கும் 'குரோடா' வகை விதையாகக் கேட்டு வாங்குங்கள். 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பதைக் கேரட்டுக்குப் பொருத்தினால் ஏமாற்றம்தான்.

கேரட் விதை சீரகத்தைவிடச் சின்னது. ஒரு சிட்டிகை விதையை ஒரு கை காய்ந்த மணலோடு கலந்து, கால் அங்குல ஆழத்துக்குக் கோடு கிழித்துத் தூவுங்கள். முளைக்க ஒரு வாரமும் ஆகலாம், இரண்டு வாரமும் ஆகலாம். அதுவரை மேல்மண் ஒருநாள்கூடக் காயக் கூடாது. காய்ந்தால் முளைத்தது மண்ணுக்குள்ளேயே கருகிவிடும். நான் நனைத்த சணல் சாக்கை மேலே போட்டு மூடிவைப்பேன். ஐந்தாம் நாளிலிருந்து தினம் காலையில் தூக்கிப் பார்க்க வேண்டும். பச்சைப் புல்நுனி மாதிரி ஒன்று தெரிந்த அன்றே சாக்கை எடுத்துவிட வேண்டும். ஒருநாள் மறந்தேன், முளைத்ததெல்லாம் வெளுத்துச் சாக்கின் நூலில் சிக்கிக்கொண்டு, தூக்கும்போது கூடவே பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது.

கேரட்டின் தோள் வெளியே தெரிந்தால் பச்சையாகிக் கசக்கும். முள்ளங்கியைப்போல விடாமல் இதற்கு மட்டும் கொஞ்சம் மண்ணைத் தள்ளி மூடிவிடுங்கள்.

சர்க்கரைவள்ளி என்ற நல்ல பிள்ளை

பொறுமை இருந்து, பராமரிக்க நேரமில்லை என்றால் சர்க்கரைவள்ளியைப் போடுங்கள். சந்தையில் வாங்கிய கிழங்கு ஒன்றை ஈர மண்ணில் பாதி புதைத்து வைத்தால் கொடி கிளம்பும். ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, மூன்று கணு மண்ணுக்குள் போகும்படி படுக்க வைத்து நட்டால் சரி. வெயிலுக்கு அஞ்சாது. இளங்கொழுந்தைக் கீரையாகவும் வதக்கலாம். ஒரே ஒரு வேலை மட்டும் மறக்கக் கூடாது. கொடி படரும்போது ஒவ்வொரு கணுவிலும் வேர் விட்டுப் பக்கத்துப் பைக்குள் இறங்கும். அப்படி விட்டால் சம்பாத்தியம் பத்து இடத்தில் சிதறி, எங்கேயும் ஒழுங்கான கிழங்கு இருக்காது. பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை கொடியைத் தூக்கித் திருப்பிப் போட வேண்டும், அல்லது கயிறு கட்டி மேலே ஏற்றிவிட வேண்டும்.

நாலு மாதத்தில் இலை மஞ்சளாகும்போது பையைக் கவிழ்க்கலாம். அன்றைக்கே அவித்துச் சாப்பிட்டுவிட்டு இனிப்பே இல்லை என்று சொல்லாதீர்கள். காற்றோட்டமான நிழலில் ஒரு வாரம் போட்டுவைத்தால் மாவுச்சத்து சர்க்கரையாக மாறி இனிப்பு ஏறும். எலிக்கும் இந்த வாசனை தெரியும் என்பதால் மாடியில் காயப் போடாமல் வீட்டுக்குள் வையுங்கள்.

உருளைக்கிழங்கைப் பற்றியும் கேட்பீர்கள். சமவெளி மாடியில் அதற்குச் செய்யும் செலவுக்கு மூட்டையாகவே வாங்கிவிடலாம். அது கிழங்கு வைக்க 20 டிகிரியை ஒட்டிய குளிர்ச்சி வேண்டும், மண் 30 டிகிரியை நெருங்கினால் கிழங்கு கட்டுவதையே நிறுத்திவிடும். கறுப்புப் பை வெயிலில் எவ்வளவு கொதிக்கும் என்று தொட்டுப் பாருங்கள். குழந்தைகளுக்குக் காட்ட ஆசையென்றால் கார்த்திகைக் கடைசியில் ஒரு பை போடுங்கள், கோலிக்குண்டு அளவில் பத்துக் கிடைக்கும். பச்சை படிந்த கிழங்கைத் தூக்கியெறிந்துவிடுங்கள், அதில் நஞ்சு இருக்கும்.

பால்கனியில் வெயில் கம்மி என்பவர்களுக்கு மஞ்சளும் இஞ்சியும் சேப்பங்கிழங்கும். இவை அரை நிழலையும் ஏற்கும். வைகாசி, ஆனியில் ஒரு விரலி மஞ்சளை நட்டால், பொங்கலன்று பானையில் கட்ட உங்கள் வீட்டுக் கொத்து.

இலை ஓகோ, கீழே ஒன்றுமில்லை

எதிர்வீட்டு அக்கா போன மாதம் கூப்பிட்டுக் காட்டினார். முள்ளங்கி இலை முறம் மாதிரி, வேர் பென்சில் மாதிரி. "என்னக்கா ஊத்துறீங்க?" என்றேன். "பஞ்சகவ்யா, மீன் அமிலம், மாத்தி மாத்தி" என்றார். தென்னை மர நிழல் வேறு மத்தியானம் வரைக்கும் விழுந்தது. இந்தப் புகார் வரும்போதெல்லாம் நான் பார்ப்பது நான்கு: தழைச்சத்து அதிகமா, நெருக்கமா, நிழலா, மண் இறுகியிருக்கிறதா. பெரும்பாலும் இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும்.

மண்புழு உரம் கலந்த மண்ணில் முள்ளங்கிக்குத் தனியாக எதுவுமே வேண்டாம். நீண்ட நாள் பயிருக்கு, விதைத்து ஒரு மாதம் ஆனதும் பைக்கு ஒரு கை விறகடுப்புச் சாம்பலைத் தூவி லேசாகக் கிளறிவிடுவேன், அதில் சாம்பல்சத்து இருக்கிறது. பேரே அதுதானே. குப்பை எரித்த சாம்பலும் நிலக்கரி எரித்த சாம்பலும் கூடாது.

வெடிப்பு வந்தால் தண்ணீர்தான் காரணம். நாலு நாள் காயவிட்டு ஐந்தாம் நாள் வாளியோடு கொட்டினால், உள்சதை திடீரென்று உப்பி, தோல் தாங்காமல் பிளக்கும். விரலை ஒரு அங்குலம் விட்டுப் பார்த்து, ஈரம் இல்லையென்றால் மட்டும் ஊற்றுங்கள். ஐப்பசி மழையில் பிரச்சினை நேர்மாறு. துளை அடைத்துக்கொண்டு பையில் தண்ணீர் நின்றால் கேரட் நுனியிலிருந்து அழுகும். மழைக்கு முன் ஒரு குச்சியால் துளைகளைக் குத்திவிடுங்கள். இலையில் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி ஏறினால், லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைக் கொஞ்சம் சோப்புக் கரைசலோடு கலந்து சாயங்காலம் தெளித்தால் அடங்கும்.

அறுவடை முடிந்த மண்ணைக் கொட்டிவிடாதீர்கள். தார்ப்பாயில் பரப்பி, மிச்ச வேர்களைப் பொறுக்கி, ஒரு வாரம் வெயிலில் காயவிட்டு, நாலில் ஒரு பங்கு புது மண்புழு உரம் சேர்த்தால் அடுத்த பயிருக்குத் தயார். முள்ளங்கி எடுத்த பையில் மறுபடி முள்ளங்கி வேண்டாம். நான் கொத்தவரை போடுவேன், என் மாமியார் எனக்குத் தெரியாமல் அதே பையில் வெந்தயம் தூவிவிட்டுப் போவார்.